ஏர் ரைபிள், பிபி கன்: உங்கள் கையில் இருப்பது சட்டப்படி என்ன என்று கண்டுபிடிப்பது எப்படி

"இதுக்கு லைசென்ஸ் வேண்டாம்" என்பது ஏர் ரைபிள் விற்கும் இடமெல்லாம் கேட்கும் பேச்சு. பல ஊர்களில் அது உண்மையும்கூட. ஆனால் அந்தப் பேச்சு ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது: வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளலாமா? எங்கே எடுத்துப்போகலாம், எதைச் சுடலாம், யார் கையில் கொடுக்கலாம், ஸ்பிரிங்கை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கெல்லாம் வேறு வேறு சட்டங்கள் பதில் வைத்திருக்கின்றன. மாட்டிக்கொள்பவர்களில் பெரும்பாலோர் அந்த இடங்களில்தான் மாட்டுகிறார்கள்.

முதலில் பெயர்க் குழப்பம் தீர வேண்டும். ஏர் ரைபிள் ஈயத்தாலான பெல்லட்டைச் சுடுவது. அதன் குழலுக்குள் குண்டைச் சுழலவைக்கும் புரிகள் இருக்கும். குழல் அளவு பெரும்பாலும் 4.5 மி.மீ. (.177) அல்லது 5.5 மி.மீ. (.22). பிபி கன் என்பது சுமார் 0.34 கிராம் எடையுள்ள எஃகு உருண்டையைப் புரியில்லாத குழலிலிருந்து சுடுவது. கைத்துப்பாக்கி வடிவில் வருபவை பெரும்பாலும் 12 கிராம் கார்பன் டை ஆக்சைடு குப்பியில் இயங்கும். 6 மி.மீ. பிளாஸ்டிக் உருண்டை சுடும் ஏர்சாஃப்ட்டையும் பலர் பிபி கன் என்றே சொல்கிறார்கள். சட்டம் இந்த மூன்றையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. எனவே விதியைத் தேடும் முன் உங்களிடம் இருப்பது இவற்றில் எது என்று முடிவு செய்யுங்கள்.

ஜூல் கணக்கு

பல நாடுகளின் சட்டம் பார்க்கும் முதல் எண் குழல்வாயில் குண்டுக்கு இருக்கும் ஆற்றல். ஜூல் கணக்கிலோ அடி-பவுண்டிலோ சொல்வார்கள்; 1 அடி-பவுண்டு என்பது 1.356 ஜூல். பெட்டியின்மேல் பெரிதாக அச்சடித்திருப்பது வேகம் மட்டுமே. அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. வினாடிக்கு 1000 அடி, அதாவது 305 மீட்டர் என்று போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 0.33 கிராம் உலோகக்கலவை பெல்லட் அந்த வேகத்தில் போனால் 15 ஜூல். 0.547 கிராம் ஈய பெல்லட் அதே வேகத்தில் போனால் 25 ஜூல். விளம்பர வேகம் பொதுவாக மிக இலேசான பெல்லட்டை வைத்து எடுத்தது. அதே துப்பாக்கி ஈயத்தை அவ்வளவு வேகமாகத் தள்ளாது. ஆகவே அளந்துதான் பார்க்க வேண்டும்.

அளப்பதற்குக் குண்டின் வேகம் காட்டும் குரோனோகிராஃப் ஒன்றும், 0.01 கிராம் வரை காட்டும் தராசு ஒன்றும் போதும். சொந்தமாக இல்லாவிட்டால் துப்பாக்கி சுடும் கிளப்புகளில் இருக்கும்.

1. ஒரே டப்பாவிலிருந்து பத்து பெல்லட்டை எடுத்து மொத்தமாக நிறுத்து, பத்தால் வகுங்கள். ஒற்றைப் பெல்லட்டை நிறுத்தால் தராசின் பிழையே பெரிதாகிவிடும்.
2. துப்பாக்கியை அசையாமல் தாங்கி வைத்து, கருவியின் கையேடு சொல்லும் இடைவெளியில் பத்து முறை சுட்டு ஒவ்வொரு வேகத்தையும் எழுதுங்கள். பின்னால் குண்டைத் தாங்கும் தடுப்பு கட்டாயம்.
3. கிராமை 1000-ஆல் வகுத்துக் கிலோவாக்குங்கள். அதை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் ஜூல். கிரெயினும் (குண்டின் எடையைச் சொல்லும் அலகு) அடியும் பழகியவர்கள், கிரெயினை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி 450240-ஆல் வகுத்தால் அடி-பவுண்டு வரும்.
4. இலேசான, நடுத்தர, கனமான என்று மூன்று வகைப் பெல்லட்டிலும் இதையே செய்யுங்கள்.

சராசரியை எடுக்காதீர்கள், வந்ததிலேயே உயர்ந்த எண்ணை எடுங்கள். சோதனைக்கூடத்தில் ஒரே ஒரு குண்டு வரம்பைத் தாண்டினாலும் தாண்டியதுதான். ஒரு கணக்கு பாருங்கள்: பத்து பெல்லட் 5.45 கிராம், ஆக ஒன்று 0.545. உயர்ந்த வேகம் வினாடிக்கு 243 மீட்டர். 16.09 ஜூல் வருகிறது. இங்கிலாந்தின் வரம்பு 12 அடி-பவுண்டு, அதாவது 16.27 ஜூல். உள்ளேதான் இருக்கிறது. வேகம் 246-ஐத் தொட்டால் 16.49, சான்றிதழ் (அங்கே லைசென்ஸுக்குப் பெயர்) இல்லாமல் வைத்திருந்தால் குற்றம். நடுவில் இருப்பது வெறும் மூன்று மீட்டர் வேகம்.

ஒரே துப்பாக்கி, வேறு வேறு நாடு

அந்த 16.09 ஜூல், 4.5 மி.மீ. ரைபிளையே எடுத்துக்கொள்வோம்.

இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள்படி, குழல் 4.5 மி.மீ.-க்கு மேற்படாமலும் ஆற்றல் 20 ஜூலுக்கு மேற்படாமலும் இருந்தால் லைசென்ஸ் தேவையில்லை. இரண்டில் ஒன்று தாண்டினாலும் தேவை. ஆகவே இந்த ரைபிள் தப்பிக்கும். ஆனால் இதே 16 ஜூலோடு குழல் 5.5 மி.மீ. என்றால் லைசென்ஸ் வேண்டும். இங்கே பலர் இடறுகிறார்கள், ஏனென்றால் வெளிநாட்டு வீடியோக்களில் .22 ஏர் ரைபிளைச் சர்வசாதாரணமாகக் காட்டுவார்கள். இங்கிலாந்துச் சட்டம் குழல் அளவைப் பார்ப்பதில்லை, ஆற்றலை மட்டுமே பார்க்கிறது. அந்த வீடியோ அங்கே சரி, இங்கே தப்பு.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ரைபிளுக்கு 12 அடி-பவுண்டு, கைத்துப்பாக்கிக்கு 6. கைத்துப்பாக்கி 6-ஐத் தாண்டினால் அது தடை செய்யப்பட்ட ஆயுத வகைக்கே போய்விடும். எல்லை தாண்டி ஸ்காட்லாந்துக்குள் போனால் கதை வேறு: 2016 டிசம்பர் 31 முதல் 12 அடி-பவுண்டுக்குக் கீழ் உள்ள ஏர் ரைபிளுக்கும் சான்றிதழ் வேண்டும். வட அயர்லாந்தில் வரம்பு 1 ஜூல்தான்.

ஜெர்மனியில் 18 வயதானவர் லைசென்ஸ் இல்லாமல் வாங்கக்கூடியது 7.5 ஜூல் வரை. அதற்கு அடையாளமாக ஐங்கோணத்துக்குள் எஃப் என்ற முத்திரை துப்பாக்கியிலேயே பொறித்திருக்க வேண்டும். நம் ரைபிள் அங்கே செல்லாது. பிரான்சில் 20 ஜூலுக்குள் இருப்பதால் செல்லும். கனடாவில் வேகம் வினாடிக்கு 152.4 மீட்டரையும் ஆற்றல் 5.7 ஜூலையும், இரண்டையும் சேர்த்துத் தாண்டினால்தான் லைசென்ஸ் வேண்டிய துப்பாக்கி. நம்முடையது இரண்டையும் தாண்டுகிறது. இந்தியாவில் 'இரண்டில் ஒன்று', கனடாவில் 'இரண்டும்': விதியைப் படிக்கும்போது இந்தச் சிறு சொல்லில் கண் இருக்கட்டும்.

ஆற்றலைக் கணக்கில் எடுக்காத இடங்களும் உண்டு. ஆஸ்திரேலியாவில் எல்லா ஏர் ரைபிளுக்கும் லைசென்ஸ் வேண்டும். மலேசியாவின் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் ஏர் கன்னையும் ஆயுதம் என்றே வரையறுக்கிறது. சிங்கப்பூரிலும் அனுமதியில்லாமல் வைத்திருக்க முடியாது. நியூசிலாந்தில் 18 வயதானவர் சாதாரண ஸ்பிரிங் ரைபிளை லைசென்ஸ் இல்லாமல் வைத்திருக்கலாம், ஆனால் முன்னரே காற்றடைத்து வைக்கும் பிசிபி வகைக்கு லைசென்ஸ் வேண்டும்.

அமெரிக்காவில் மத்திய சட்டம் வெடிமருந்தால் இயங்குவதைத்தான் துப்பாக்கி என்கிறது. காற்றால் இயங்குவது அதில் சேராது. ஆனால் அங்கே மாநிலமும் நகரமும் தனித்தனிச் சட்டம் போடும். நியூஜெர்சி ஏர் கன்னைத் துப்பாக்கியாகவே கருதுகிறது. "அமெரிக்காவில் தடையில்லை" என்று யாராவது சொன்னால், எந்த மாநிலம், எந்த நகரம் என்று திருப்பிக் கேளுங்கள்.

ஏர்சாஃப்ட்டுக்கு எண்கள் சிறியவை. ஜப்பானில் 6 மி.மீ. உருண்டைக்கு வரம்பு ஏறத்தாழ 0.98 ஜூல்; 0.20 கிராம் உருண்டை வினாடிக்கு 99 மீட்டரில் போனால் அந்த அளவு வந்துவிடும். பிரிட்டனில் ஒவ்வொன்றாகச் சுடுவதற்கு 2.5 ஜூல், தொடர்ந்து சுடுவதற்கு 1.3 ஜூல்.

வரம்புக்குள் வாங்கியது எப்படி வெளியே போகிறது

ஸ்பிரிங் ரைபிளின் அழுத்தும் அறைக்குள் எண்ணெய் விடுவது முதல் காரணம். பிஸ்டன் பாய்ந்து வரும்போது காற்று சூடேறி அந்த எண்ணெய் பற்றிக்கொள்ளும். டீசல் எஞ்சின் போல. பட்டென்று சத்தம், குழலில் புகை, கருகிய வாடை, வேகத்தில் திடீர் ஏற்றம். ஆற்றல் வரம்பைத் தாண்டுவதோடு சீலும் ஸ்பிரிங்கும் கெடும். புது ரைபிளில் தொழிற்சாலை எண்ணெய் மிச்சமிருந்தால் முதல் சில டஜன் குண்டுகளில் இது நடக்கும். அது அடங்கிய பிறகே அளவெடுங்கள்.

இரண்டாவது, பெல்லட் மாற்றுவது. பிசிபி வகையில் கனமான பெல்லட்டுக்கு ஆற்றல் பொதுவாகக் கூடும். ஸ்பிரிங் வகையில் பெரும்பாலும் இலேசானதற்குக் கூடும். இலேசான பெல்லட்டில் 11.5 அடி-பவுண்டு காட்டிய பிசிபி, கனமானதில் 12-ஐத் தாண்டலாம். பிசிபியில் இன்னொன்று: காற்று அடைத்த உருளையில் எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்பதைப் பொறுத்து வேகம் மாறும். சிலவற்றில் முழுக்க நிரப்பியதும் குறைவாகவும், பாதி தீர்ந்தபின் உச்சமாகவும் இருக்கும். எனவே ஒரு நிரப்பு முழுவதும் சுட்டு அளக்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடு வகை வெயிலில் வேகம் கூடும், குளிரில் குறையும்.

மூன்றாவது, வலுவான ஸ்பிரிங் போடுவது. வரம்பைத் தாண்டிய நொடியில் நீங்கள் லைசென்ஸ் இல்லாத துப்பாக்கியை உண்டாக்கியவர் ஆகிறீர்கள். பழைய துப்பாக்கி வாங்கினால், முந்தைய உரிமையாளர் என்ன செய்து வைத்தார் என்று தெரியாது. கையில் வந்த அன்றே அளந்துவிடுங்கள். "வாங்கும்போதே இப்படித்தான் இருந்தது" என்பதை நம்பி நிற்க முடியாது.

தோற்றம்

ஆற்றல் மிகக் குறைந்த பொம்மைகூட உயிரை வாங்கியிருக்கிறது. 2014-இல் அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் ஏர்சாஃப்ட் கைத்துப்பாக்கி வைத்திருந்த 12 வயதுச் சிறுவன் டாமிர் ரைஸைக் காவலர் சுட்டுக் கொன்றார். துப்பாக்கியின் நுனியில் ஆரஞ்சு நிற அடையாளம் இல்லை. ஏர்சாஃப்ட்டுக்கு அந்த நிறத்தை அமெரிக்க மத்திய சட்டம் கேட்கிறது. பெல்லட், பிபி சுடும் வழக்கமான ஏர் கன்களுக்கு அதில் விலக்கு உண்டு. அதாவது அவை பார்க்க அசல் போலவே இருக்கலாம். அதனால்தான் வெளியே எடுத்துப்போக மூடிய பை தேவை.

இந்த ஒரு விஷயத்தில் சட்டம் எதைச் சொன்னாலும் இதைச் செய்யுங்கள்: வெளியே எடுத்துப்போனால் குண்டு நீக்கி, முழுக்க மூடிய பையில், பெல்லட்டைத் தனியாக வைத்து. தோளில் தொங்கவிட்டபடி, பைக்கின் முன்னால் வைத்தபடி கூடாது. காவலர் நிறுத்தினால் பையைத் திறந்து காட்ட முந்தாதீர்கள். கைகள் வெளியே தெரியும்படி நின்று, "பையில் ஏர் ரைபிள் இருக்கிறது, குண்டு இல்லை" என்று வாயால் சொல்லுங்கள். எடுப்பது அவர்கள் வேலை. இங்கிலாந்தில் தகுந்த காரணமின்றிப் பொது இடத்தில் வைத்திருப்பது, குண்டு போட்டிருந்தாலும் போடாவிட்டாலும், குற்றம். பயிற்சிக்குப் போகிறீர்கள் என்றால் கிளப் அட்டையும் வாங்கிய ரசீதும் பையில் இருக்கட்டும்.

எங்கே சுடுவது, எதைச் சுடுவது

16 ஜூல் பெல்லட் இலக்கைத் தவறினால் நூற்றுக்கணக்கான மீட்டர் போகும். மொட்டைமாடியில் தகர டப்பாவைச் சுடுவதில் இருக்கும் ஆபத்து இதுதான். இங்கிலாந்தில் பெல்லட் உங்கள் இடத்தின் எல்லையைத் தாண்டினாலே குற்றம். யார் மேலும் பட வேண்டியதில்லை. இந்தியாவில் பிறர் உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து உண்டாக்கும் அசட்டையான செயல் பாரதிய நியாய சம்ஹிதை என்ற குற்றவியல் சட்டத்தின் 125-ஆம் பிரிவில் வரும். காயம் பட்டால் தண்டனை கூடும்.

ஈயப் பெல்லட்டுக்கு எஃகுத் தகட்டுப் பெட்டி தடுப்பாகலாம், அது நசுங்கி நின்றுவிடும். எஃகு பிபி உருண்டைக்குச் செங்கலும் தகடும் கூடவே கூடாது. வந்த வழியே திரும்பி வரும், அதுவும் கண் உயரத்துக்கு. அதற்குப் பழைய துணியோ காகிதமோ திணித்த பெட்டி வையுங்கள். சுடுபவருக்கும் பக்கத்தில் நிற்பவருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும்.

பறவைகள் பக்கம் திருப்பாதீர்கள். மைனாவோ கிளியோ கொக்கோ, இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அவற்றை வேட்டையாடுவதைத் தடுக்கிறது. அந்தச் சட்டத்தில் 'வேட்டை' என்றால் சுட முயல்வதும் சேர்த்துத்தான். தெருநாயைச் சுட்டுக் கொன்றாலோ ஊனமாக்கினாலோ நியாய சம்ஹிதையின் 325-ஆம் பிரிவு, ஐந்து ஆண்டு வரை சிறை. லைசென்ஸ் தேவைப்படாத துப்பாக்கி என்பது இங்கே எந்தப் பாதுகாப்பும் தராது.

வாங்குவது, அனுப்புவது, பூட்டி வைப்பது

ரசீதில் மாடல், குழல் அளவு, வரிசை எண் மூன்றும் இருக்கிறதா பாருங்கள். தயாரிப்பாளர் ஜூல் அளவை எழுதிக் கொடுக்கும் தாள் இருந்தால் கேட்டு வாங்குங்கள். இணையத்தில் வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது தனி விவகாரம். உள்நாட்டில் லைசென்ஸ் இல்லாமல் விற்கும் அதே பொருளைச் சுங்கத்துறை நிறுத்தி வைக்கலாம், ஏனென்றால் இறக்குமதிக்குத் தனி விதி. இங்கிலாந்தில் வியாபாரிகள் தபாலில் அனுப்பி முடிக்க முடியாது, கடைசியில் நேருக்கு நேர்தான் கையில் கொடுக்க வேண்டும்.

விமானத்தில் கைப்பையில் எந்த வகையும் கூடாது, பொம்மை உட்பட. சரக்கில் போடுவதென்றால் முன்கூட்டியே விமான நிறுவனத்திடம் எழுதி அனுமதி வாங்குங்கள். பிசிபி உருளையைக் காலி செய்துவிடுங்கள். கார்பன் டை ஆக்சைடு குப்பிகளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வாங்க 18 வயது. 14 முதல் 17 வரை உள்ளவர் தனியார் இடத்தில், உரிமையாளர் அனுமதியோடு தனியாகச் சுடலாம். 14-க்குக் கீழ் என்றால் 21 வயதானவர் பக்கத்தில் நிற்க வேண்டும். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைக்கத் தவறுவதும் அங்கே தனிக் குற்றம். எந்த நாடானாலும் இதைச் செய்யலாம்: அலமாரியில் பூட்டி, பெல்லட்டை வேறு பூட்டில் வைத்து, சாவியைப் பிள்ளைகளுக்குத் தெரியாத இடத்தில் வையுங்கள். உள்ளே வைக்கும் முன் ஒவ்வொரு முறையும் குழலைத் திறந்து உள்ளே பெல்லட் இல்லை என்று கண்ணால் பாருங்கள். குழலை மடக்கித் திறக்கும் ஸ்பிரிங் ரைபிளில் ஸ்பிரிங்கை அழுத்திவிட்டுச் சுடாமல் வைத்தால் அது தளரும், அதோடு அடுத்து எடுப்பவருக்கு ரைபிள் தயார் நிலையில் இருப்பது தெரியாது.