அமெரிக்கத் தெற்கின் காராமணி: முதலில் எலும்பு, பிறகு பயறு

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் புத்தாண்டு நாளன்று கறுப்புக் கண் வைத்த வெள்ளைக் காராமணியைச் சமைத்து உண்டால் அதிர்ஷ்டம் என்பது நம்பிக்கை. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட மக்களின் உணவு இது. அந்தக் கைப்பக்குவத்துக்குரிய பெருமையும் அவர்களுக்கே.

இதன் சுவை புகையூட்டிய பன்றிக் கணுக்காலில் இருக்கிறது. அது வேக நேரமாகும். பயறோ சீக்கிரம் குழைந்துவிடும். எனவே இரண்டையும் ஒன்றாகப் போடாதீர்கள். முதலில் இறைச்சியை மட்டும் 8 கோப்பைத் தண்ணீரில் ஒன்றரை மணி நேரம் சிறுதீயில் வேகவிடுங்கள். பன்றி இறைச்சி வேண்டாதவர்களுக்குப் புகையூட்டிய வான்கோழிக் கால் நல்ல மாற்று. பிறகு நறுக்கிய வெங்காயம், குடைமிளகாய், செலரித் தண்டு, பூண்டு, பிரிஞ்சி இலை ஆகியவற்றை வதக்கிச் சேர்த்து, 6 மணி நேரம் ஊறிய பயறு அரை கிலோவைப் போடுங்கள். நாற்பது நிமிடத்திலிருந்து நசுக்கிப் பார்க்கத் தொடங்குங்கள். குக்கர் வேண்டவே வேண்டாம், பயறு உடைந்து கூழாகிவிடும்.

இறைச்சியிலேயே உப்பு இருப்பதால், கடைசியில் சுவைத்துப் பார்த்த பிறகே உப்பிடுங்கள். வினிகரும் அப்படித்தான், புளிப்பு முன்கூட்டியே சேர்ந்தால் பயறு மெத்தென்று வேகாது. ஒரு கரண்டிப் பயறை மட்டும் மசித்துக் கலந்தால் சாறு கெட்டியாகும். எலும்பிலிருந்து இறைச்சியைப் பிய்த்துப் போட்டு, சூடான சோற்றின்மேல் ஊற்றி, மிளகாய் ஊறிய வினிகரைச் சில சொட்டு விட்டுப் பரிமாறுங்கள். மிஞ்சிய சாற்றைக் கொட்டிவிடாதீர்கள், சோள ரொட்டியைத் தொட்டுச் சாப்பிட அதைவிடச் சிறந்தது இல்லை.