ரிமோட்டில் பருத்திப்பால்: எந்த ஆல்கஹால் போட்டுத் துடைப்பது?

அக்கா மகன் கொட்டிய பருத்திப்பால் ரிமோட்டுக்குள் இறங்கி, பட்டன்கள் ஒட்டிக்கொண்டன. சானிடைசர் சரிவராது, பெரும்பாலும் கிளிசரின் கலந்திருக்கும், பிசுக்கு தங்கும். 70% ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கிருமிக்கு நல்லதுதான், ஆனால் மீதி தண்ணீர், காய நேரமாகும். தின்னர் பக்கமே போகக்கூடாது, பிளாஸ்டிக்கை இளக்கிவிடும்.

டவுன்ஹால் ரோட்டில் அதே ஆல்கஹாலை 99% ஆக வாங்கினேன். அது எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கும், வெல்லத்தைக் கரைக்காது. அதனால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, முதலில் டிஸ்டில்டு வாட்டர் தொட்ட பட்ஸால் வெல்லப் பசையை எடுத்தேன் (இன்வெர்ட்டருக்கு வாங்கியதில் மிச்சம் இருந்தது). அப்புறம் 99% தொட்டுத் துடைத்ததும் ஈரத்தையும் இழுத்துக்கொண்டு சட்டென்று காய்ந்துவிட்டது. அடுப்புப் பக்கம் வைத்து மட்டும் செய்யாதீர்கள், ஆவி பற்றிக்கொள்ளும்.

ரப்பர் பட்டன்களைச் சோப்புத் தண்ணீரில் கழுவினேன். சவுண்டு பட்டனை மட்டும் இன்னும் கொஞ்சம் அழுத்த வேண்டியிருக்கிறது.