முதலில் தரையில் உட்காருங்கள்: குழந்தைகளின் சுற்றுச்சூழல் நலம், முதல் வகுப்பு

செவிலிய மாணவர்களுக்கு இந்தப் பாடத்தை முதல்முறை எடுக்கப் போகிறீர்களா? ஸ்லைடுகளை ஓரமாக வையுங்கள். நச்சுப் பட்டியலில் தொடங்கினால் பாதி வகுப்பு தூங்கிவிடும்.

படி 1: எல்லோரையும் தரையில் உட்காரவைத்துக் குனியச் சொல்லுங்கள். தவழும் குழந்தையின் மூக்கு ஒரு முழ உயரத்துக்குள்தான் இருக்கும். அங்கிருந்து என்ன தெரிகிறது? கட்டில் காலில் உரிந்து தொங்கும் பெயிண்ட், மேசைக்கு அடியில் தூசி, கைக்கு எட்டும் கிருமிநாசினி பாட்டில். முதலில் கூச்சத்தில் சிரிப்பார்கள், போகட்டும். பார்த்ததையெல்லாம் எழுதச் சொல்லுங்கள்.

படி 2: ஒரு சின்னக் கணக்கு. ஒரு மூச்சில் உள்ளே போகும் காற்று, யாருக்கானாலும் உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 7 மில்லி. பெரியவர் நிமிடத்துக்கு 15 முறை மூச்சு விடுகிறார், கைக்குழந்தை 40 முறை. பெருக்கினால் நிமிடத்துக்கு, கிலோவுக்கு 105 மில்லி, 280 மில்லி. அதே புகை, இரண்டரை மடங்குக்கும் மேல். இதை நீங்கள் சொல்லாதீர்கள். அவர்களே போட்டுப் பார்க்கட்டும்.

படி 3: ஒரே ஒரு நச்சை ஆழமாக எடுங்கள். என் தேர்வு ஈயம். விழுங்கிய ஈயத்தில் பெரியவர் உடல் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் உறிஞ்சும். சிறு குழந்தையின் உடல் பாதிவரை உறிஞ்சிவிடும். இரும்புச்சத்து குறைந்தால் இன்னும் கூடும். பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை. பெரும்பாலும் அறிகுறியும் இருக்காது, ரத்தப் பரிசோதனைதான் காட்டிக்கொடுக்கும்.

படி 4: நடிப்பு. வகுப்பின் உயிர் இதுதான், பாதி நேரத்தை இதற்கே கொடுங்கள். ஒரு மாணவி தாய். அவர் கையில் மட்டும் ஒரு சீட்டு: ‘கணவர் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் எடுப்பவர்.’ இன்னொருவர் செவிலியர்.

“அப்பா என்ன வேலை பார்க்கிறார்?”

“சொந்தத் தொழில்ங்க.”

“சரி. தடுப்பூசி எல்லாம் போட்டாச்சா?”

இங்கே நிறுத்துங்கள். கதவு திறந்தது, செவிலியர் உள்ளே போகவில்லை. என்ன தொழில், வீட்டிலேயேவா, வேலைச் சட்டையோடு பிள்ளையைத் தூக்குவாரா, அந்தச் சட்டையை எதோடு சேர்த்துத் துவைக்கிறீர்கள் என்று அடுத்தடுத்துக் கேட்கவையுங்கள். குரல் விசாரணைபோல் ஆனால் தாய் வாயை மூடிக்கொள்வார். அதையும் ஒருமுறை நடித்தே காட்டுங்கள்.

படி 5: அறிவுரை மூன்றுக்கு மேல் வேண்டாம். குளித்து உடை மாற்றியபின் குழந்தையைத் தூக்குவது, உலர்ந்த துடைப்பத்துக்குப் பதில் ஈரத்துணியால் துடைப்பது, சாப்பிடும் முன் குழந்தையின் கையைக் கழுவுவது. கூடவே, ரத்தப் பரிசோதனைக்கு மருத்துவரிடம் அனுப்புவது.

மதிப்பெண்ணை அறிவுரைக்குப் போடாதீர்கள், கேட்ட கேள்விகளுக்குப் போடுங்கள்.