பொல்பலாத் தேத்தண்ணி: எங்கே பிடுங்கினீர்கள்?

மழை விட்டு இரண்டு நாள் வெயில் அடித்தால் போதும், கொழும்பில் மதிலோரம், வேலியோரம், நடைபாதைக் கல்லிடுக்கு என்று எல்லா இடத்திலும் பொல்பலா தலைகாட்டும். யாழ்ப்பாணப் பக்கம் தேங்காய்ப்பூக்கீரை என்பார்கள், தமிழ்நாட்டில் பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிற சிறுபீளையும் இதுதான். சலக்கடுப்புக்கும் உடம்புச் சூட்டுக்கும் நல்லது என்று அம்மம்மா காலத்திலிருந்தே பேர் எடுத்த செடி, காசும் இல்லை. அதனாலோ என்னவோ புதிதாக அவிக்கத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு தனித் துணிச்சல் வந்துவிடுகிறது. எங்கள் தொடர்மாடியிலேயே இப்போது சில வீடுகளில் அவிக்கிறார்கள், அதுவும் நாங்கள் ஒரு காலத்தில் விட்ட பிழைகளை ஒன்றுகூடத் தவறவிடாமல். கழுவாமல் போடாதீர்கள், சீனியை அள்ளிக் கொட்டாதீர்கள் என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை, அது உங்களுக்கே தெரியும்.

வெள்ளையாகப் பூத்ததெல்லாம் பொல்பலா அல்ல

பொன்னாங்காணிக்கும் கணுவில் வெள்ளைப் பூதான். ரோட்டோரத்தில் படர்ந்து, நுனியில் வெள்ளைக் குண்டாகப் பூக்கிற இன்னொரு களையும் உண்டு. பூவை விட்டுவிட்டு இலையைப் பாருங்கள். பொல்பலாவில் இலைகள் தண்டில் மாறி மாறி, ஒன்று இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கமாக இருக்கும். மற்ற இரண்டிலும் இலைகள் சோடியாக, நேருக்கு நேர் நிற்கும். இன்னும் சந்தேகம் என்றால் வேரைக் கீறி மணந்து பாருங்கள், இலேசாகக் கற்பூர வாசம் அடிக்கும்.

ரோட்டோரம் பிடுங்குவது

இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் உளைந்துவிட்டது.

போன மாதம் கீழ்மாடித் தங்கச்சி ஒருத்தி ஷொப்பிங் பை நிறையக் கொண்டுவந்து நீட்டினாள். "இஞ்ச பாருங்கோ அக்கா, எவ்வளவு செழிப்பா நிக்குது!" எங்கே பிடுங்கினது என்று கேட்டேன். மரைன் டிரைவில், தண்டவாளப் பக்கமாம். ஒரு பக்கம் பஸ்ஸும் ஓட்டோவும், மறு பக்கம் ரயில். ரயிலிலிருந்து தண்டவாளத்தில் என்னென்ன விழும் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? "நல்லா அவிச்சா எல்லாம் செத்துப்போகும் தானே அக்கா" என்றாள். எல்லாரும் சொல்கிற பதில் இது, எனக்குக் கோபம் வருவதும் இதைக் கேட்டுத்தான்.

அவித்தால் கிருமி சாகும், சரி. ஈயம் சாகுமா? இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நிறுத்தப்பட்டது, ஆனால் அதற்கு முன் பல பத்தாண்டுகள் வாகனப் புகையோடு வந்து ரோட்டோர மண்ணில் இறங்கிய ஈயம் உக்கிப் போகிற சாமான் இல்லை, அது அங்கேயேதான் கிடக்கும். பொல்பலாவை நாம் வேரோடு பிடுங்குகிறோம் என்பதையும் மறந்துவிடாதீர்கள். அப்புறம் அந்தச் செடியின் உடம்பைக் கவனித்திருக்கிறீர்களா? தண்டு, இலை, பூ எல்லாம் மெல்லிய மயிர். வழுவழுப்பான இலை என்றால் குழாயடியில் பிடித்தால் தூசி ஓடிவிடும். இதில் தூசி அந்த மயிருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ரோட்டோரத்துச் செடி ஒன்றை வெள்ளைக் கோப்பையில் தண்ணீர் விட்டு அலசிப் பாருங்கள், மூன்றாவது தண்ணீரிலும் கறுப்பு இறங்கும். இதையே மருந்தென்று எட்டுக் கோப்பைத் தண்ணீரை ஒரு கோப்பையாக வற்ற வைக்கிறார்கள். ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும்தான். மற்றதெல்லாம் அந்த ஒரு கோப்பைக்குள் வந்து நிற்கும்.

களைக்கொல்லிக் கதை வேறு. கிளைபொசேற் என்ற களைக்கொல்லியை 2015இல் தடைசெய்தார்கள், பிறகு தளர்த்தினார்கள், அது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த மாதிரி மருந்து அடித்த செடி அன்றைக்கே வாடாது, சில வேளை ஒரு கிழமை வரைக்கும் பச்சையாகவே நிற்கும். நீங்கள் பார்க்கும்போது "செழிப்பா நிக்குது" என்றுதான் தோன்றும். யார் அடித்தது, எப்போது அடித்தது என்று யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

அந்தப் பையை அப்படியே குப்பையில் போடச் சொன்னேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள், போகட்டும். வேண்டுமென்றால் வெயில் விழுகிற பல்கனியில் ஒரு சாடியில் மணல் கலந்த மண்ணைப் போட்டு, முற்றின பூக்கதிரை உள்ளங்கையில் கசக்கி மேலாகத் தூவி விடுங்கள். ஆழமாகப் புதைக்கத் தேவையில்லை. களைச்செடி தானே, முளைக்கும். இல்லையென்றால் உங்களுக்குத் தெரிந்த ஆளின் வளவில் பிடுங்குங்கள்.

புறக்கோட்டை மருந்துச் சரக்குக் கடைகளில் காய்ந்த கட்டாக வாங்கலாம் தான். ஆனால் அது எங்கே பிடுங்கியது என்று கடைக்காரருக்கும் தெரியாது.

கொழும்பு ஈரத்தில் காய வைப்பது

தென்மேற்குப் பருவக்காற்று நேரம் பேப்பரில் பரப்பி மூலையில் வைத்தால் காயாது, பூஞ்சணம்தான் பிடிக்கும். மற்ற இலைகளில் பூஞ்சணம் வெள்ளையாகத் தெரியும், இதில் பூவே வெள்ளைப் பஞ்சு, கண்ணுக்குப் பிடிபடாது. மூக்கை நம்புங்கள். பழைய சாக்கு மணம் வந்தால் வீசிவிடுங்கள். தண்டை மடித்தால் டக்கென்று முறிய வேண்டும், வளைந்தால் போத்தலில் அடைக்காதீர்கள்.

அலுமினியச் சட்டி

வேண்டாம். மண்சட்டி, இல்லையென்றால் எவர்சில்வர்.

படுக்கப் போகும் முன் குடிப்பது

ஒரு நாள் குடித்துப் பாருங்கள், ஏன் என்று இரவிலேயே தெரியும்.

தேத்தண்ணியையும் கசாயத்தையும் ஒன்றாக நினைப்பது

எட்டை ஒன்றாக வற்ற வைப்பது கசாயம். அது வைத்தியர் சொல்லி, சொன்ன நாளுக்கு மட்டும் குடிக்கிறது. தேத்தண்ணி என்றால் ஒரு சிறு பிடி, மூன்று நான்கு கோப்பைத் தண்ணீர், பத்து நிமிடக் கொதி, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்துவிட்டுப் போகலாம். கசாயத்தைப் போத்தலில் ஊற்றி ஒஃபிசுக்குக் கொண்டுபோய் நாள் முழுக்கக் குடிக்கிறவர்களைப் பார்க்கிறேன், மாதக் கணக்கில்.

இது கீரைக் குடும்பத்துச் செடி. அந்தக் குடும்பத்தில் கல்சியத்தோடு சேர்ந்து கல்லாகக்கூடிய ஒக்சலேற் என்ற உப்புக்குப் பஞ்சமில்லை, சிறுநீரகக் கல்லில் பெரும்பாலானவையும் கல்சியம் ஒக்சலேற் கல்தான். கல்லுக்கு நல்லது என்று கேள்விப்பட்டு, என்ன கல் என்றே தெரியாமல் கெட்டியாகக் காய்ச்சிக் குடிப்பது எனக்குப் புத்திசாலித்தனமாகப் படவில்லை. இரத்தச் சோதனையில் கிரியேற்றினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற அளவு) கூடியவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள் தொடவே வேண்டாம். பிரஷருக்குச் சலம் போகிற குளிசை எடுக்கிறவர்கள் டொக்டரிடம் கேட்காமல் குடிக்காதீர்கள், இதுவும் அதே வேலையைத்தான் செய்கிறது. கிளினிக்கில் "வேற மருந்து ஏதும் எடுக்கிறீங்களா?" என்று கேட்கும்போது பொல்பலாவையும் சேர்த்துச் சொல்லுங்கள், எவ்வளவு, எத்தனை நாளாக என்பதோடு.