கப்பல் உறைந்து நின்றால்: ஈவ் ஆன்லைன் இணைப்புச் சிக்கலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி கேமில் ஃப்ளீட்டோடு, அதாவது கூட்டாளிகளின் கப்பல் கூட்டத்தோடு சேர்ந்து வார்ப் ஆகி (அதிவேகத்தில் பாய்ந்து) போய் இறங்குகிறீர்கள். எதிரியைக் குறிவைத்து லாக் செய்து துப்பாக்கியை இயக்குகிறீர்கள். பட்டன் மினுக்குகிறது, குண்டு கிளம்பவில்லை. ஐந்து நொடி, பத்து நொடி. அப்புறம் 'சாக்கெட் க்ளோஸ்ட்' (இணைப்பு அறுந்தது) என்று ஒரு பெட்டி. திரும்ப உள்ளே வரும்போது கப்பல் இல்லை. ஈவ் ஆன்லைனில் வெடித்த கப்பல் திரும்பி வராது. அதனால்தான் இங்கே இணைப்பு அறுவது வேறு எந்த கேமை விடவும் அதிகமாக வலிக்கிறது.

அந்த ஆத்திரத்தில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் மாற்றுவதுதான் முதல் தவறு. ரவுட்டர் ரீசெட், புது டிஎன்எஸ், ஃபயர்வால் ஆஃப், கேமை அழித்து மறுபடி இன்ஸ்டால் என்று எல்லாம் அரை மணி நேரத்துக்குள் நடந்துவிடும். சரியானதுபோலவும் தெரியும். எதனால் சரியானது என்று தெரியாததால், மறுநாள் அறுந்தால் பழைய இடத்திலேயே நிற்போம். முதலில் கண்டுபிடிக்க வேண்டியது எங்கே அறுகிறது என்பதை. கணினிக்கும் ரவுட்டருக்கும் நடுவிலா, ரவுட்டருக்கும் இணைய நிறுவனத்துக்கும் நடுவிலா, அதற்கு அப்பால் உள்ள பாதையிலா, சர்வரிலேயேவா? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்; மாற்றியதை எழுதி வையுங்கள்.

ஸ்பீட் டெஸ்டை நம்புவது

'எனக்கு 200 எம்பிபிஎஸ் வருகிறது, அதனால் நெட்டில் கோளாறு இல்லை' என்று பலரும் சொல்கிறார்கள். ஸ்பீட் டெஸ்ட் பெரும்பாலும் அருகில் உள்ள ஒரு சர்வரோடு சில நொடி பேசிவிட்டு முடிந்துவிடும். ஈவ் கேட்பது வேகம் இல்லை. அது அனுப்பி வாங்கும் தரவு மிகவும் குறைவு. ஆனால் அந்தச் சின்ன ஓடை பல மணி நேரம் அறுபடாமல் ஓட வேண்டும்.

இதற்குக் காரணம் கேமின் அமைப்பிலேயே இருக்கிறது. வேகமான துப்பாக்கிச் சண்டை கேம்கள் பெரும்பாலும் யுடிபி முறையில் பேசும். ஒரு பாக்கெட் (தரவின் சின்னத் துண்டு) தொலைந்தால் அதை விட்டுவிட்டு அடுத்ததைப் பார்க்கும். ஆள் இங்கிருந்து அங்கே குதிப்பதுபோலத் தெரியும், அவ்வளவுதான். ஈவ் பேசுவது டிசிபி முறையில். ஒரு பாக்கெட் தொலைந்தால் அது மறுபடி வந்து சேரும்வரை பின்னால் வந்தவை எல்லாம் வரிசையில் காத்திருக்கும். அதனால்தான் எல்லாம் உறைந்து நின்று, பிறகு பத்து நொடி நிகழ்வுகள் ஒரே மூச்சில் கொட்டுகின்றன. இழப்பு நீடித்தால் இணைப்பே அறுந்துவிடும். இன்னொன்று: கேமின் சர்வர் விண்வெளியைக் கணக்கிடுவது நொடிக்கு ஒருமுறை. ஆகவே பிங்கை, அதாவது ஒரு செய்தி போய்த் திரும்பிவர ஆகும் நேரத்தை, 180லிருந்து 150 மில்லிநொடிக்கு இறக்கப் படாதபாடு படுவதில் பயன் குறைவு. சர்வர் லண்டனில் இருக்கிறது. ஃபைபரில் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர்தான் போகும். 10,000 கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்குப் போய்வர மட்டுமே 100 மில்லிநொடி ஆகும். அதை எந்த செட்டிங்கும் குறைக்காது. பாக்கெட் இழப்பைத்தான் துரத்த வேண்டும்.

ரவுட்டர்வரை பார்க்காமல் வெளியே பழி போடுவது

விண்டோஸின் கமாண்ட் ஜன்னலில் ஐபிகான்ஃபிக் கட்டளையைக் கொடுத்தால் 'டிஃபால்ட் கேட்வே' என்று வருவதுதான் உங்கள் ரவுட்டரின் முகவரி, பெரும்பாலும் 192.168.1.1 போல இருக்கும். நீங்களாக நிறுத்தும்வரை ஓடுகிற மாதிரி அதற்கு ஒரு பிங் ஓடவிட்டுவிட்டு விளையாடுங்கள். இன்னொரு ஜன்னலில் வெளியே உள்ள ஏதாவது ஒரு நிலையான முகவரிக்கு இன்னொரு பிங். கப்பல் உறைந்த நொடியில் இரண்டையும் பாருங்கள். ரவுட்டர் பக்கம் 2, 2, 3, 2 என்று வந்துகொண்டிருந்தது திடீரென்று 412 ஆகி, ஒரு 'ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்' வந்து, மறுபடி 2 ஆனால் கோளாறு உங்கள் அறைக்குள்தான். ரவுட்டர் சீராக இருந்து வெளியே மட்டும் விட்டுப்போனால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

வைஃபையில் விளையாடிக்கொண்டு இந்தச் சோதனையைச் செய்யாமல் இருப்பது பெரிய தவறு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் இரைகிறது. கேபிள் போட முடிந்தால் போட்டுவிடுங்கள். முடியாவிட்டால் 5 கிகாஹெர்ட்ஸுக்காவது மாறுங்கள்.

கேபிள் போட்டுவிட்டால் கவலை விட்டது என்றும் நினைக்க வேண்டாம். மூன்று வாரம் நான் இணைய நிறுவனத்தோடு சண்டை போட்டேன். கடைசியில் நெட்வொர்க் அடாப்டரின் நிலையைத் திறந்து பார்த்தால், 1 ஜிபிபிஎஸ் காட்ட வேண்டிய இடத்தில் 100 எம்பிபிஎஸ் என்று இருந்தது. கேபிளுக்குள் நான்கு ஜோடிக் கம்பிகள்; 1 ஜிபிபிஎஸுக்கு நான்கும் வேண்டும், 100க்கு இரண்டே போதும். மேசைக் காலுக்கு அடியில் நசுங்கிய இடத்தில் ஒரு ஜோடி போயிருந்தது. கேபிளை மாற்றியதும் அறுவது நின்றது.

அப்லோடை மறப்பது

டவுன்லோட் எவ்வளவு என்று எல்லாருக்கும் தெரியும், அப்லோட் எவ்வளவு என்று சிலருக்கே தெரியும். வீட்டில் யாரோ ஒருவரின் போன் படங்களை க்ளவுடுக்கு ஏற்றத் தொடங்கும், அப்லோட் நிரம்பும், ரவுட்டரில் நீளமான வரிசை உருவாகும், உங்கள் கட்டளை அந்த வரிசையின் வாலில் போய் நிற்கும். வெளி பிங் 40லிருந்து 900க்கு ஏறும், யாராவது ஏற்றி முடித்ததும் இறங்கும். ரவுட்டரில் க்யூஓஎஸ் (தரவுக்கு முன்னுரிமையும் வரம்பும் வைக்கும் வசதி) இருந்தால் அப்லோடின் உச்சவரம்பை உண்மையான வேகத்தில் 85 முதல் 90 சதவீதத்துக்குள் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் உடனே தெரியும்.

ட்ரேஸ்ரூட்டைத் தப்பாகப் படிப்பது

ட்ரேஸ்ரூட் என்பது உங்கள் தரவு சர்வருக்குப் போகும் வழியில் உள்ள ரவுட்டர்களை வரிவரியாகக் காட்டும் கட்டளை. அதில் நடுவில் ஒரு வரியில் நட்சத்திரக் குறிகள் வந்ததும் 'இதோ கோளாறு' என்று முடிவு கட்டிவிடுகிறோம். வழியில் உள்ள பல ரவுட்டர்கள் இப்படிப்பட்ட விசாரிப்புகளுக்குப் பதில் சொல்வதைக் கடைசி வேலையாக வைத்திருக்கும், அல்லது சொல்லவே சொல்லாது. உங்கள் தரவை அவை ஒழுங்காகவே கடத்திக்கொண்டிருக்கும். ஒரு இடத்தில் தொடங்கிய இழப்பு அதற்குப் பின்னால் கடைசி வரிவரை தொடர்ந்தால்தான் அந்த இடத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

டிஎன்எஸ் மாற்றுவதைப் பற்றி ஒரு வரி போதும்: அது பெயரை முகவரியாக்கிக் கொடுப்பதோடு சரி, உள்ளே நுழைந்தபின் பிங்குக்கும் அதற்கும் தொடர்பில்லை. மறு இன்ஸ்டாலும் அப்படித்தான். கோப்பு கெட்டிருந்தால் உதவும், பாக்கெட் தொலைந்தால் உதவாது. ஃபயர்வாலை முழுதாக அணைப்பதும் ரவுட்டரில் எல்லா போர்ட்டையும் திறந்துவிடுவதும் ஆபத்து. இணைப்பு உங்கள் பக்கமிருந்துதான் கிளம்புகிறது. கேமுக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் போதும். விபிஎன் பாதையை மாற்றும், அதனால் சில நேரம் நல்லதும் செய்யும். விபிஎன் போட்டதும் அறுவது நின்றால், வழக்கமான பாதையில் கோளாறு என்பதற்கு அது நல்ல சாட்சி.

சர்வரின் வேலையை உங்கள் கோளாறாக எடுத்துக்கொள்வது

தினமும் 11:00 யுடிசிக்கு (உலகப் பொது நேரம்) சர்வர் பராமரிப்புக்காக நிற்கும். அப்போது அறுந்தால் ரவுட்டரைத் தொடாதீர்கள். அதேபோல் பெரிய போர்களில் சர்வர் திணறாமல் இருக்க கேம் தன் காலத்தையே மெதுவாக்கும். 10 சதவீதம்வரை இறங்கும், அதாவது கேமின் ஒரு நொடிக்கு நிஜத்தில் பத்து நொடி. 2014 ஜனவரியில் பி-ஆர்5ஆர்பி என்ற இடத்தில் சுமார் 21 மணி நேரம் நடந்த போர் இப்படித்தான் ஊர்ந்தது. திரையின் மேல் இடது மூலையில் அதற்கான குறி தெரியும். அதைப் பார்க்காமல் 'லேக்' (இணைப்புத் தாமதம்) என்று சொல்லி ரீஸ்டார்ட் செய்தால் சண்டையின் நடுவில் நீங்களே வெளியேறியதாகிவிடும்.

வெளியேறினால் கப்பல் தப்பிவிடும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். இணைப்பு போனால் கப்பல் தானாக வார்ப் ஆகி விலகப் பார்க்கும். எதிரி வார்ப்பைத் தடுத்திருந்தால் முடியாது. நீங்கள் இன்னொரு வீரரைச் சுட்டிருந்தால் 15 நிமிடக் கணக்கு ஓடும், அதுவரை கப்பல் விண்வெளியிலேயே இருக்கும். அந்த நேரத்தில் நோயைத் தேடாதீர்கள். போன் ஹாட்ஸ்பாட் கைவசம் இருந்தால் அதிலாவது உடனே உள்ளே வாருங்கள்.

எல்லாம் பார்த்தபின் இணைய நிறுவனத்தை அழைக்கும்போது 'கேம் கட் ஆகுது' என்று மட்டும் சொல்லாதீர்கள். ரவுட்டரை ரீஸ்டார்ட் செய்யச் சொல்லி முடித்துவிடுவார்கள். இரண்டு மூன்று நாளின் பிங் பதிவை நேரத்தோடு வைத்துக்கொண்டு பேசுங்கள்: 'கேபிளில் இருக்கிறேன், ரவுட்டர்வரை இழப்பு இல்லை, இரவு 9:40 முதல் 10:15 வரை உங்கள் முதல் கருவியிலிருந்து கடைசிவரை நூற்றுக்கு ஆறு பாக்கெட் தொலைகிறது, மூன்று நாளாக இதே நேரம்.' இப்படிச் சொன்னால் புகாரை லைன் பார்க்கும் ஆளிடம் அனுப்பச் சொல்லிக் கேட்க உங்களுக்கு ஆதாரம் இருக்கும்.