குளிர்காலத்தில் கறிக்கோழிக்கு எண்ணெய்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்கழி பிறந்துவிட்டால் உடுமலை, பல்லடம் பக்கம் புதிதாகப் பண்ணை போட்டவர்கள் ஓம எண்ணெய், கிராம்பு எண்ணெய், நீலகிரித் தைலம் என்று தேட ஆரம்பிக்கிறார்கள். தேடட்டும். ஓமத்தில் இருக்கும் தைமாலும் ஓரிகானோவில் இருக்கும் கார்வக்ராலும் குடலில் கெட்ட கிருமிகளை அடக்கக்கூடியவை. ஆனால் அவை கொட்டகையைச் சூடாக்காது. முதல் வாரக் குஞ்சுக்கு வேண்டிய 32 முதல் 34 டிகிரி செல்சியஸ் சூட்டைப் புரூடர் என்னும் சூடேற்றும் கருவிதான் கொடுக்க வேண்டும்.

தைலத்தை நம்பிப் படுதாவை அடைப்பது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வரும். போன பனிக்காலத்தில் பக்கத்துப் பண்ணைக்கு விடியற்காலையில் போனேன். நாலு பக்கமும் படுதா இறுக்கமாகக் கட்டியிருந்தது. உள்ளே தைல வாசனை தூக்கலாக இருந்தது, கண்ணோ எரிந்தது. “தும்மல் இருந்துதுங்கண்ணா, தண்ணியில தைலம் ஊத்திட்டேனுங்க, இப்ப பரவாயில்லை” என்றார் அந்தத் தம்பி.

கண்ணை எரித்தது கோழி எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா வாயு. 25 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு 25 பங்கு) தாண்டினால் மூச்சுக்குழாயையே அரித்துவிடும். உள்ளேயே கிடப்பவரின் மூக்குக்கு அது பழகிப்போகும். மிச்சத்தைத் தைல வாசனை மறைத்துவிடும். குளிரில் உடம்புச் சூட்டைக் காக்கக் கோழிக்குப் பிராணவாயு கூடுதலாக வேண்டும். அடைத்த கொட்டகையில் கேஸ் புரூடரும் அதையே எரிக்கிறது. நுரையீரலுக்கு ரத்தம் தள்ளித் தள்ளி இதயத்தின் வலப்பக்கம் வீங்கி, கடைசியில் வயிற்றில் நீர் கோர்க்கும். அந்தப் பண்ணையில் நாலாவது வாரத்தில், நன்றாக எடை ஏறிய கோழிகளாகப் பார்த்துச் செத்தன. அறுத்துப் பார்த்தால் வயிறு நிறைய மஞ்சள் நீர். அதுவரை தின்ற தீவனமெல்லாம் நஷ்டம்.

எவ்வளவு குளிரானாலும் படுதாவின் மேல்பக்கம் ஒரு சாண் திறந்திருக்கட்டும். காற்று கோழி மேல் நேராக அடிக்காமல் இருந்தால் போதும். தரையில் பரப்பிய மஞ்சியைக் (தேங்காய் நார்க்கழிவை) கிளறிவிடுங்கள், ஈரமானதை அள்ளிவிடுங்கள். தைலமெல்லாம் அப்புறம்.

எண்ணெயை நேராகத் தொட்டியில் ஊற்றுவது

தண்ணீரோடு கலக்காது, தனியாகப் பிரிந்துவிடும். தண்ணீரில் கரையும்படி தயாரித்ததை மட்டும் வாங்குங்கள்.

சமையல் எண்ணெயைத் தீவனத்தில் கூட்டுவது

தவிட்டெண்ணெயும் பாமாயிலும் எரிசக்திக்கானவை, சரி. ஆனால் கம்பெனித் தீவனத்தின் மேல் நீங்களாக ஊற்றினால் கோழி சீக்கிரம் நிறைந்து தீவனத்தைக் குறைக்கும், புரதமும் குறைந்துபோகும். சிக்கு வாடை அடிக்கும் எண்ணெயைத் தொடவே தொடாதீர்கள்.

கம்பெனி சூப்பர்வைசரைக் கேட்காமல் சேர்ப்பது

கம்பெனி தரும் தீவனத்தில் இந்த எண்ணெய்களை ஏற்கெனவே கலந்திருக்கலாம். கேளுங்கள்.