டெலிவரி ஓட்டுபவர்களுக்கு அமெரிக்க வருமான வரி: மைல் கணக்கில் தொடங்குங்கள்

அமெரிக்காவில் சொந்தக் காரில் உணவு டெலிவரி செய்பவர்களை ஆப் நிறுவனங்கள் பெரும்பாலும் ஊழியராகச் சேர்ப்பதில்லை. நாம் சுயதொழில் செய்பவர்கள். வாராவாரம் வங்கிக்கு வரும் பணத்தில் யாரும் வரி பிடித்திருக்க மாட்டார்கள். அதைக் கணக்குப் போட்டுக் கட்டுவது நம் பொறுப்பு.

தொடங்கும் முன் விசாவைப் பாருங்கள். எச்-1பி (வேலை விசா), எஃப்-1 (மாணவர் விசா) வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதில் இறங்காதீர்கள். எச்-4 (எச்-1பி வைத்திருப்பவரின் துணைக்கான விசா) விசாவோடு இஏடி என்னும் வேலை அனுமதி அட்டை வைத்திருப்பவர்கள் செய்யலாம்.

படி 1: தனி வங்கிக் கணக்கு. டெலிவரி பணம் மட்டும் வர ஒரு கணக்கு போதும். வரும் தொகையில் கால் பங்கை வரிக்காக அன்றே சேமிப்புக்கு மாற்றிவிடுங்கள்.

படி 2: மைல் கணக்கு. நான் ஏமாந்த இடம் இதுதான். முதல் ஆண்டு முடிந்ததும் ஆப் அனுப்பிய அறிக்கையில் 8,000 மைல் என்று இருந்தது. அதையே போட்டுத் தாக்கல் செய்தேன். பிறகுதான் புரிந்தது, ஆர்டரை ஏற்றதிலிருந்து வாசலில் கொடுப்பது வரைக்கும்தான் அந்த எண். கொடுத்துவிட்டு உணவகங்கள் இருக்கும் பகுதிக்குத் திரும்பும் தூரமும், அடுத்த ஆர்டருக்காக ஓட்டும் தூரமும் அதில் இல்லை. அவையும் தொழில் மைல்தான். என்னுடையது 14,000-க்குக் குறையாது. ஆனால் காட்ட ஒரு குறிப்பும் என்னிடம் இல்லை.

தொழிலுக்கு ஓட்டிய ஒவ்வொரு மைலுக்கும் ஒரு தொகையை வருமானத்திலிருந்து குறைத்துக்கொள்ளலாம், அதுதான் மைல் கழிவு. 2025-க்கு ஐஆர்எஸ் (அமெரிக்க வரித்துறை) அனுமதித்தது மைலுக்கு 70 சென்ட். 2024-இல் 67 சென்ட். விட்டுப்போன 6,000 மைலுக்கு 2025 விகிதத்தில் 4,200 டாலர் கழிவு. அதைக் கழிக்காததால் சுயதொழில் வரி (சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் திட்டங்களுக்கான வரி) மட்டுமே ஏறக்குறைய 593 டாலர் கூடுதலாகிறது, வருமான வரி தனி.

இப்போது டெலிவரிப் பகுதிக்கு வந்ததும் ஓடோமீட்டரை ஒரு போட்டோ எடுக்கிறேன், வேலை முடிந்ததும் இன்னொன்று. இருக்கைக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன நோட்டில் தேதி, தொடக்க எண், முடிவு எண், எந்தப் பகுதி, என்ன வேலை என்று ஒரே வரி. "மார்ச் 4, 41,212 – 41,298, டவுன்டவுன், டெலிவரி" என்றால் போதும். மைல் எண்ணும் ஆப்கள் உண்டு. பேட்டரி சேமிப்பு இயங்கியதும் என் போனில் அது பாதி நாள் நின்றுபோனது. நோட்டைத்தான் நம்புகிறேன். அன்றன்றைக்கே எழுதுங்கள், ஏப்ரலில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதுவது செல்லாது.

வீட்டிலிருந்து முதல் ஆர்டர் பகுதிக்குப் போகிற தூரத்தை நான் சேர்ப்பதில்லை. அது வேலைக்குப் போகிற பயணமாகக் கருதப்படும். மைல் கழிவு எடுத்தால் பெட்ரோல், இன்சூரன்ஸ், ரிப்பேர் எதையும் தனியாகக் கழிக்க முடியாது. டோல், டெலிவரியின்போது கட்டும் பார்க்கிங், உணவைச் சூடாக வைக்கும் பை, தொழிலுக்கான அளவு போன் கட்டணம் ஆகியவற்றைக் கழிக்கலாம். சொந்தக் காரைத் தொழிலுக்கு எடுக்கும் முதல் ஆண்டிலேயே மைல் முறையைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். அந்த ஆண்டில் உண்மைச் செலவு முறைக்கு (பெட்ரோல், ரிப்பேர் போன்ற செலவுகளை அப்படியே கழிப்பது) போனால் அதே காருக்குப் பிறகு மைல் முறை கிடைக்காது.

படி 3: எவ்வளவு வரி? 24,000 டாலர் வந்தது, 2025 விகிதத்தில் 14,000 மைலுக்கு 9,800 கழிந்தது, போனும் பையும் 200 என்று வையுங்கள். மீதி 14,000. அதில் 92.35 சதவீதத்துக்கு 15.3 சதவீதம், அதாவது சுமார் 1,978 டாலர் சுயதொழில் வரி. நிகர வருமானம் 400 டாலரை எட்டினாலே இது உண்டு. இதில் பாதியை வருமான வரிக் கணக்கில் கழிக்கலாம்.

படி 4: தவணை. யாரும் வரி பிடிக்காததால் அந்த ஆண்டின் வரியை நாமே நான்கு தவணையாகக் கட்ட வேண்டும்: ஏப்ரல் 15, ஜூன் 15, செப்டம்பர் 15, அடுத்த ஆண்டு ஜனவரி 15. மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று நினைத்து ஜூலைக்குக் காத்திருக்காதீர்கள், இரண்டாவது தவணை ஜூனிலேயே வந்துவிடும். ஐஆர்எஸ் தளத்தில் டைரக்ட் பே வழியாக 1040-இஎஸ் (தவணை வரிக்கான படிவம்) என்று தேர்ந்தெடுத்து வங்கிக் கணக்கிலிருந்தே கட்டலாம். சென்ற ஆண்டின் மொத்த வரியை நான்காகப் பிரித்துக் கட்டினால் அபராதம் வராது. சென்ற ஆண்டு வருமானம் 1,50,000 டாலரைத் தாண்டியிருந்தால் அந்த வரியில் 110 சதவீதம் கட்ட வேண்டும்.

படி 5: தாக்கல். வருமான வரிப் படிவத்தோடு இரண்டு இணைப்புகள்: வரவும் செலவும் ஷெட்யூல் சி-யில், சுயதொழில் வரி ஷெட்யூல் எஸ்இ-யில். கொடுத்த பணத்தைக் காட்டி ஆப் நிறுவனம் அனுப்பும் 1099-என்இசி படிவம் வராவிட்டாலும் வருமானத்தைக் காட்டியே ஆக வேண்டும். மாநில வரி இருக்கிற மாநிலமென்றால் அதையும் தனியாகப் பாருங்கள்.

பிற்சேர்க்கை: கணவரோ மனைவியோ சம்பள வேலையில் இருந்தால் தவணை கட்டாமல் சமாளிக்க முடியுமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். முடியும். இருவரும் சேர்ந்து தாக்கல் செய்பவர்களாக இருந்தால், அவர் அலுவலகத்தில் புது டபிள்யூ-4 (சம்பளத்தில் வரி பிடிக்கச் சொல்லும் படிவம்) கொடுத்து, ஒவ்வொரு சம்பளத்திலும் கூடுதலாக இவ்வளவு டாலர் பிடியுங்கள் என்று 4(சி) வரியில் எழுதலாம். அப்படிப் பிடித்தது ஆண்டு முழுக்கச் சமமாகக் கட்டியதாகவே எடுத்துக்கொள்ளப்படும். அக்டோபரில் விழித்துக்கொண்டவர்களுக்கும் இது உதவும்.